திருகாணி அக்காவின் இடது கை

கண்ணாடியை மாட்டிவிடும்போது எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். கோபக்காரர், கூச்சக்காரர், அவசரக்காரர், யாராக இருந்தாலும் சரி. இரண்டு கைகள் முகத்தை நோக்கி வரும், காதுக்கம்பிகள் காதோரம் உரசும், அந்த நேரத்தில் இமை தானாக இறங்கிவிடும். பிறகு திறந்து பார்த்து, "ஆங், இப்பத் தெரியுது" என்பார்கள். தாங்கள் கண்ணை மூடினோம் என்பது அவர்களுக்கே தெரியாது. திருகாணி அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். பத்தொன்பது வருஷமாக அந்தக் கண்ணாடிக் கடையின் முன்மேசையில் உட்கார்ந்து, வருகிற முகத்துக்கெல்லாம் கண்ணாடியைப் பொருத்திவிடுவது அவள்தான்.

ஒரு நாள் காலையில் வந்த கணக்கு டீச்சர் கண்ணை மூடவில்லை. அக்காவின் கைகள் நெருங்கியதும் தலையை இரண்டு விரற்கடை பின்னால் இழுத்துக்கொண்டார்.

"கையில என்னம்மா அது?"

"தோல் காஞ்சு வெடிச்சிருக்கு டீச்சர். அடிக்கடி வரும்."

"ஒட்டிக்குமா?"

"ஒட்டாதுன்னுதான் சொல்றாங்க."

"யாரு சொல்றாங்க?"

யாரும் சொன்னதில்லை. அவளே தனக்குச் சொல்லிக்கொண்டதுதான்.

"குடு, நானே மாட்டிக்கறேன்" என்று டீச்சர் வாங்கி மாட்டிக்கொண்டார். கண்ணாடி இடது பக்கம் இறங்கி நின்றது. வலது காதுக்கம்பியை ஒரு நூல் வளைத்தால் போதும், சரியாகிவிடும். அக்கா அதற்குக் கையை நீட்டினாள். டீச்சரோ, "சரியாத்தான் இருக்கு, சரியாத்தான் இருக்கு" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, கோணல் கண்ணாடியோடு தெருவில் இறங்கிப் போய்விட்டார்.

திருகாணி என்பது கடையில் வைத்த பெயர். கண்ணாடிச் சட்டத்தில் காதுக்கம்பி மடங்குகிற கீலில் இருக்கும் திருகாணி கடுகில் பாதிகூட இருக்காது. கீழே விழுந்தால் அதைத் தேடியே பொழுது போய்விடும். அதனால் அவள் வேலை செய்யும்போது நாலைந்து திருகாணிகளை இடது உள்ளங்கைக் குழியில் போட்டு, கையை லேசாகக் குவித்து வைத்துக்கொள்வாள். அதே கையால் சட்டத்தையும் பிடித்துக்கொண்டு, வலது கையால் திருப்புளியைச் சுழற்றுவாள். ஒன்றுகூடக் கீழே விழுந்ததில்லை. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருந்தது. மற்றபடி முதலாளிக்கு அவள் திருகாணி, மற்றவர்களுக்குத் திருகாணி அக்கா.

சின்ன வயதில் அவளுக்கு முழங்கை மடிப்பிலும் முட்டிக்குப் பின்னாலும் அரிப்பு இருந்தது. பத்து வயதில் அது போய்விட்டது. எல்லோரும் மறந்தும் போனார்கள். முப்பத்துநாலாவது வயதில் அது திரும்பி வந்தது, இந்தத் தடவை கையில். முதலில் விரல்களின் பக்கவாட்டில் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம். பிறகு சிவப்பு. பிறகு வெயிலில் கிடந்த சோப்புக்கட்டி மாதிரி தோல் வறண்டு வெடிக்கும். ஒரு மாதம் படுத்திவிட்டு அடங்கும். போய்விட்டது என்று நினைத்து நிம்மதியாக மூச்சுவிடும்போது மறுபடி வரும். சொல்லாமல் வந்து சொல்லாமல் போகிற உறவுக்காரர் மாதிரிதான். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகாது, அவ்வளவுதான்.

வைத்தியம் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. வெளியூரில் இருக்கும் அண்ணி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து ஒவ்வொன்றாக நிறுத்தச் சொன்னாள். முதலில் கத்திரிக்காய். அப்புறம் முட்டை. அப்புறம் மீன், பால், தக்காளி. கடையில் கண் பரிசோதிப்பவர், நாள் முழுவதும் "கடைசி வரி படிங்க, கடைசி வரி படிங்க" என்று சொல்லியே கடைசிவரி அண்ணன் ஆனவர், ஒரு மத்தியானம் அவளுடைய சாப்பாட்டு டப்பாவை எட்டிப் பார்த்தார். வெறும் ரொட்டி.

"இன்னும் ஒண்ணை நிறுத்தினா நீ காத்தைத்தான் கட்டிட்டு வரணும் திருகாணி."

"காத்துக்கும் ஒத்துக்காதுன்னு அண்ணி சொல்லுவா, பாருங்க."

அண்ணன் சிரித்தார். அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கையை மேசைக்கு அடியில் கொண்டுபோனாள்.

அவள் குடியிருந்தது இரண்டாம் மாடியில் ஒரே அறை. ஆறு வருஷத்துக்கு முன்னால்வரை அம்மா கூட இருந்தாள். இப்போது ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர். கீழ்வீட்டு அம்மாவிடம்தான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவாள். முன்பெல்லாம் அந்த அம்மா சாவியைக் கையில் கொடுத்து, "என்னடி, இன்னைக்கு எத்தனை பேர் மூக்கைப் புடிச்சே?" என்று கேட்பார். வெடித்த கையை ஒரு நாள் கவனித்த பிறகு சாவி படிக்கட்டின் மேல் காத்திருந்தது. கேள்வியும் நின்றுபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒன்று உறைத்தது. சனிக்கிழமை சாயந்தரம் கடையைவிட்டு இறங்கியதிலிருந்து அவளை யாரும் தொடவில்லை. அவளும் யாரையும் தொடவில்லை. போன வாரமும் அப்படித்தான். அதற்கு முந்தின வாரமும். திங்கள் காலை முன்மேசைக்கு வந்து, முதல் முகத்தின் காதோரத்தில் விரல் பட்டால்தான் உண்டு. யாரோ ஒருவருடைய வெதுவெதுப்பான காது மடல், முடி வழுக்கும் பின்கழுத்து, மூக்கின் மேட்டில் பழைய கண்ணாடி போட்ட பள்ளம். உலகத்தோடு அவளுக்கு இருந்த ஒட்டும் உறவும் அவ்வளவுதான்.

அதனால்தான், டீச்சர் வந்துபோன மறுநாள் முதலாளி கூப்பிட்டபோது அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போய் நின்றாள்.

முதலாளி கெட்டவர் இல்லை. சொல்ல வந்ததைச் சொல்வதற்கு முன்னால் மூன்று தடவை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கொஞ்ச நாளைக்கு உள்ளே இரும்மா. முன்னாடி நம்ம கடைசிவரி பாத்துப்பான். கை ஆறட்டும்."

"எத்தனை நாள் முதலாளி?"

"ஆறற வரைக்கும்."

ஒன்பது வருஷமாக ஆறி ஆறித் திரும்புகிற கை. ஆறுகிற வரைக்கும் என்றால் எதுவரைக்கும்? அவள் திருப்புளியைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

உள்ளே என்பது கடைக்குப் பின்னால் இருந்த இருட்டறை. அங்கே லென்ஸின் ஓரத்தைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்க்கும் எந்திரம் இருந்தது. சூடேறாமல் இருக்க அதன் சக்கரத்தின்மேல் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். தேய்த்த தூள் தண்ணீரோடு கலந்து சுண்ணாம்புக் குழம்பு மாதிரி வழியும். லென்ஸை எடுக்க, அளவு பார்க்க, மறுபடி வைக்க என்று ஒரு நாளைக்கு எண்பது தடவையாவது கை அந்தக் குழம்புக்குள் போய்வரும். பத்தே நாளில் கை இன்னும் மோசமானது. ரப்பர் உறை போட்டால் உள்ளே வியர்த்து ஊறியது. கழற்றினால் எரிந்தது. ஆறட்டும் என்று அனுப்பிய இடம்தான் கையைத் தின்றது.

அதைவிட, அங்கே முகமே இல்லை. தட்டில் ஒரு சட்டம், இரண்டு லென்ஸ், ஒரு எண் துண்டு. எண்ணூற்றுப் பன்னிரண்டுக்குக் காது எந்த உயரத்தில் இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தடுப்புக்கு அந்தப் பக்கம் கடைசிவரி அண்ணன் வாடிக்கையாளரிடம் மல்லுக்கட்டுவது கேட்கும். "அப்படித்தான் இருக்கும் சார், நாலு நாள் போட்டா பழகிடும்." பழகாது. காதுக்கம்பியை வளைக்க வேண்டும். அவள் எந்திரத்தின் சத்தத்தில் அதை விழுங்கிக்கொள்வாள்.

டீச்சர் கேட்ட கேள்வி மட்டும் அந்தச் சத்தத்திலும் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரு சொல்றாங்க? கடைசியில் ஒரு வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போனாள். குணமாகும் என்று நம்பிப் போகவில்லை. ஒட்டாது என்று யாராவது சொன்னால் போதும் என்றுதான் போனாள்.

டாக்டர் அவளைவிடப் பத்து வயதாவது சின்னவள். அறைக்குள் நுழைந்த உடனே அக்காவின் கண் டாக்டரின் கண்ணாடிமேல்தான் போனது. இடது கீல் தளர்ந்திருந்தது. குனிந்து எழுதும்போதெல்லாம் வழுக்கிக்கொண்டு வந்தது, டாக்டர் மணிக்கட்டால் மேலே தள்ளிக்கொண்டாள்.

"கையைக் காட்டுங்கக்கா."

அக்கா கையை மேசைமேல் வைத்தாள். டாக்டர் இரண்டையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வெறும் கை. விரல் விரலாகப் பிரித்து, இடுக்கைப் பார்த்து, உள்ளங்கையைத் திருப்பி, வெடிப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினாள்.

"உறை போட்டுக்கலையா டாக்டர்?"

"எதுக்கு?"

"ஒட்டிக்கிட்டா?"

"இது எக்ஸிமாக்கா. ஒட்டாது. உங்க தோலோட சுபாவம் இது. சுவத்துல பூச்சு உதிர்ந்தா தண்ணி இறங்குமில்ல, அந்த மாதிரி. உங்க தோல்ல ஈரம் நிக்க மாட்டேங்குது, வெளியில இருக்கறதெல்லாம் உள்ளே போய் உறுத்துது."

அக்கா சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது மணி என்ன என்று கேட்டிருந்தால் அவளால் சொல்லியிருக்க முடியாது. டாக்டர் இன்னும் கையை விடவில்லை.

"இதுவரைக்கும் என்ன போட்டீங்க?"

அவள் பையிலிருந்து ஒரு களிம்பு டியூபை எடுத்தாள். ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் வேறொரு டாக்டர் எழுதிக் கொடுத்தது. டாக்டர் அதை அழுத்திப் பார்த்தாள். முக்கால்வாசி அப்படியே இருந்தது.

"எப்படிப் போடுவீங்க? போட்டுக் காட்டுங்க."

அக்கா பையிலிருந்து ஒரு ஊக்கை எடுத்தாள். டியூபின் வாயில் ஊக்கின் முனையைத் தொட்டு, வந்த பொட்டை ஒரு வெடிப்பின்மேல் வைத்தாள். மறுபடி தொட்டு, அடுத்த வெடிப்பில். சுத்தமான வேலை. ஒரு துளி வெளியே போகவில்லை.

டாக்டர் அந்த ஊக்கை வாங்கிப் பார்த்தாள். "இதை யாரு சொல்லிக் குடுத்தாங்க?"

"கண்ணாடிக் கீலுக்கு எண்ணெய் இப்படித்தான் விடுவோம் டாக்டர். ஊசி முனை அளவுதான். அதிகமாப் போனா லென்ஸ்ல பரவிடும், வேலை கெட்டுடும்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. "உங்க கை கண்ணாடிக் கீல் இல்லக்கா."

டாக்டர் தன் ஆட்காட்டி விரலை நீட்டி, நுனியிலிருந்து முதல் மடிப்புவரை களிம்பை ஒரு கோடாகப் பிதுக்கிக் காட்டினாள். "இது ஒரு கைக்கு. முன்பக்கமும் பின்பக்கமும் சேர்த்து. அடுத்த கைக்கு இன்னொரு கோடு."

"அவ்வளவா? ஸ்டீராய்டுன்னு போட்டிருக்கே. தோல் தேஞ்சுடும்னு அண்ணி சொன்னா."

"டாக்டரைக் கேக்காம மாசக்கணக்கா போட்டா மெலியும். நான் சொல்ற அளவு, சொல்ற நாள் போட்டா பயப்பட வேண்டாம். நீங்க பண்றது என்னன்னா, எரியற அடுப்புல நாலு சொட்டுத் தண்ணி தெளிக்கறீங்க. அணையறதில்ல. சிவப்பு குறைஞ்ச உடனே நிறுத்திடுவீங்க, அப்படித்தானே?"

"ஆமா."

"மேலே அடங்கினாலும் உள்ளே கனன்றுகிட்டு இருக்கும். குறைச்சுக் குறைச்சுத்தான் நிறுத்தணும். ஈரப்பசைக் களிம்பு மட்டும் என்னைக்கும் நிறுத்தக் கூடாது. கை கழுவின ஒவ்வொரு தடவையும் போடணும்."

பிறகு ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் முன்னால் கை சுத்தமாக இருக்கட்டும் என்று லென்ஸ் துடைக்கும் ஸ்பிரிட்டால் விரல்களைத் துடைத்துக்கொள்வாள். அதை நிறுத்தச் சொன்னாள் டாக்டர். எந்திரத் தண்ணீரில் கை வைக்கக் கூடாது. அரித்தால் சொறியாமல் ஈரத் துணியை அழுத்த வேண்டும்.

"முட்டை சாப்பிட்டு எப்பவாவது கை அதிகமா அரிச்சிருக்கா?"

"இல்ல."

"அப்பறம் ஏன் நிறுத்தினீங்க? சாப்பிடுங்க."

அன்று சாயந்தரம் அவள் இரண்டு முட்டை சாப்பிட்டாள்.

டாக்டர் இன்னொன்றையும் கவனித்திருந்தாள். இடது உள்ளங்கையின் நடுக்குழியில் மட்டும் சிவப்பு அதிகம். "இந்த இடத்துல என்ன படுது?" என்று கேட்டதற்கு அக்கா திருகாணிகளைப் பற்றிச் சொன்னாள். அடுத்த வாரம் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன மருந்துப் பட்டைகளை ஒட்டி அனுப்பினாள் டாக்டர். எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அதில் தெரியுமாம். இரண்டு நாள் முதுகு நனையக் கூடாது, பட்டை பெயரக் கூடாது. "பெயர்ந்திருக்கான்னு வீட்டுல யாரையாவது பாக்கச் சொல்லுங்க."

வீட்டில் யார் இருக்கிறார்கள்? கீழ்வீட்டு அம்மாவிடம் முதுகைக் காட்ட அவளுக்கு மனம் வரவில்லை. கடையிலிருந்து, வாடிக்கையாளர் முகம் பார்க்கும் கைக்கண்ணாடியைக் கேட்டு வாங்கிவந்தாள். சுவர்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்று, கைக்கண்ணாடியை முன்னால் சாய்த்துப் பிடித்துப் பார்த்தாள். ஒரு பட்டையின் ஓரம் லேசாகத் தூக்கியிருந்தது. இடது கையைப் பின்னால் வளைத்தால் எட்டவில்லை. வலது கையும் எட்டவில்லை. பிறகு கதவு நிலையின் ஓரத்தில் முதுகைச் சாய்த்து அழுத்தி, அதை ஒட்டவைத்தாள். தன் முதுகை அவள் அவ்வளவு நேரம் பார்த்ததே இல்லை. தோள்பட்டைக்குக் கீழே ஒரு மச்சம் இருந்தது. நாற்பத்துமூன்று வயதில்தான் அவளுக்குத் தெரிந்தது. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆளில்லை.

முடிவு வந்தது. நிக்கல். மலிவான சட்டங்களிலும் திருகாணிகளிலும் கலந்திருக்கும் உலோகம். பத்தொன்பது வருஷமாக அவள் உள்ளங்கையில் பொத்திப் பொத்திக் காப்பாற்றியதும் அதைத்தான்.

"அப்ப திருகாணியை விட்டா இது போயிடுமா டாக்டர்?"

"குறையும். மொத்தமாப் போயிடும்னு நான் பொய் சொல்ல மாட்டேன். வரும், போகும். வந்தா என்ன செய்யணும்னு இனிமே உங்களுக்குத் தெரியும்."

"ஒட்டாதுன்னு மட்டும் எழுதித் தரீங்களா?"

"யாருக்கு?"

"யாரு சொல்றாங்கன்னு கேக்கறவங்களுக்கு."

டாக்டர் முத்திரை போட்டு எழுதிக் கொடுத்தாள். குனிந்து எழுதும்போது கண்ணாடி மறுபடி வழுக்கியது. அக்காவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "அதைக் கொஞ்சம் கழட்டிக் குடுங்க" என்று கேட்டு வாங்கி, பையிலிருந்த திருப்புளியால் கீலை இறுக்கி, காதுக்கம்பியை வளைத்து, எழுந்துபோய் மாட்டிவிட்டாள். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டாள்.

அளவாகக் களிம்பு போட்டதில் ஆறு வாரத்தில் கை அடங்கியது. முதலாளி சீட்டைப் படித்தார், கையைப் பார்த்தார், "வா முன்னாடி" என்றார். கடைசிவரி அண்ணன் நாற்காலியைத் துடைத்தே வைத்திருந்தார். "வந்து உன் சிம்மாசனத்தை எடுத்துக்கோ தாயே. இனி ஒருத்தன் மூக்கையும் நான் தொட மாட்டேன்." அவள் மேசைமேல் ஒரு டப்பா மூடியில் துணி விரித்து, திருகாணிகளை அதில் போட்டாள். முதல் வாரம் இரண்டு கீழே விழுந்தன.

மூன்று மாதம் நன்றாகப் போனது. பிறகு குளிர்ந்த காற்று வறட்டி எடுத்த ஒரு செவ்வாய்க்கிழமை, விரல் இடுக்கில் பொடிப்பொடியாக நீர்க்கொப்புளம் தெரிந்தது. அவள் ஊக்கைத் தேடவில்லை. அன்றே இரண்டு கைக்கும் இரண்டு கோடு போட்டாள். ஆனாலும் சிவப்பு உடனே போகுமா? வியாழக்கிழமை அந்தச் சிவப்போடுதான் முன்மேசையில் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கென்று கணக்கு டீச்சர் உள்ளே வந்தார். அதே கோணல் கண்ணாடி.

"தலைவலி தாங்கல. நம்பர் ஏதோ தப்பாப் போட்டுட்டீங்க போலிருக்கு."

"நம்பர் சரிதான் டீச்சர். கோணலா நிக்குது." அக்கா இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள். "எனக்கு மறுபடி வந்திருக்கு. ஒட்டாது. அன்னைக்கு யாரு சொல்றாங்கன்னு கேட்டீங்க. இதோ."

டீச்சர் டாக்டரின் சீட்டை வாங்கி, தூரப் பிடித்துப் படித்தார். முத்திரையையும் படித்தார். விடைத்தாள் திருத்துகிற மாதிரி மேலிருந்து கீழ்வரை இன்னொரு தடவை படித்தார். பிறகு, "சரி, பாரு" என்று முகத்தை நீட்டினார்.

அக்கா காதுக்கம்பியைச் சூடுகாட்டி ஒரு நூல் வளைத்தாள். மாட்டிவிட்டாள். டீச்சர் கண்ணை மூடவில்லை. அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி நேராக நின்றது.

"இப்பதான் சரியா இருக்கு" என்று எழுந்தார். வாசலுக்கு வெளியே போய் நின்று, கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் காதுக்கம்பிகள் இரண்டையும் அழுத்தித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு நடந்தார். கடையின் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி. அக்கா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

முதலாளியும் பார்த்திருப்பார் போல. மெல்ல வந்து நின்று, தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். "ஒரு நாலு நாளைக்கு உள்ளே போறியாம்மா?"

"போகல முதலாளி. தண்ணியில கை வெச்சா இன்னும் கூடும். வரும், போகும். நான் இங்கயே இருக்கேன். வேணாங்கறவங்க அவங்களே மாட்டிக்கட்டும், எங்க வளைக்கணும்னு நான் சொல்றேன்."

பத்தொன்பது வருஷத்தில் அவள் அவரிடம் முடியாது என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் துடைப்பதை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "சரி, உன் இஷ்டம்" என்று உள்ளே போனார்.

அடுத்து வந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். அவள் கையைக் காட்டிச் சொல்ல ஆரம்பித்ததுமே, "என் காலைப் பாத்தா நீங்க என்ன சொல்லுவீங்க" என்று பேண்ட்டைத் தூக்கிக் கணுக்காலில் இருந்த வெடிப்பைக் காட்டினார். எத்தனை வருஷமாக என்று அவள் கேட்டாள். பன்னிரண்டு என்றார். வீட்டில்கூடச் சொன்னதில்லை என்றார். அவள் ஆட்காட்டி விரலை நீட்டி, நுனியிலிருந்து முதல் மடிப்புவரை ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். "எதுக்கும் முதல்ல டாக்டரைப் பாருங்க" என்றாள். பிறகு கண்ணாடியை எடுத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அன்று சாயந்தரமும் சாவி படிக்கட்டின்மேல்தான் இருந்தது. அறைக்குப் போய்க் கை கழுவி, ஈரம் காய்வதற்குள் ஈரப்பசைக் களிம்பைத் தடவி, கொஞ்ச நேரம் கழித்து வலது கைக்கு ஒரு கோடு, இடது கைக்கு ஒரு கோடு மருந்து போட்டாள். மேலே வெள்ளைப் பருத்தி உறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். உறை போட்ட கையால் வேறு வேலை செய்ய முடியாது. கட்டிலில் உட்கார்ந்து, ஜன்னலுக்கு எதிரே இருந்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாளைக்கு வெள்ளிக்கிழமை, கூட்டம் அதிகமாக இருக்கும்.